வேட்டைத் துவக்காக மாறிய இராணுவத் துவக்கு: மலையகத்தில் அதன் வரலாறும் விலையும் தேடுவோருக்கு ஒரு வழிகாட்டி

மலையகத்தில் சில வீடுகளில் இன்னும் ஒரு பழைய துவக்கு இருக்கிறது. துரை சீமைக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது, கங்காணித் தாத்தா காசு கொடுத்து வாங்கியது, மரக்கறித் தோட்டத்துக்குள் வரும் காட்டுப்பன்றியை விரட்ட வைத்திருந்தது என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். இவற்றில் சில, முதலில் இராணுவத்துக்காகச் செய்யப்பட்டு, பிறகு சன்னத் தோட்டா சுடும் வேட்டைத் துவக்காக மாற்றப்பட்டவை. எங்கள் பெரியப்பா காலமான பிறகு அவருடைய துவக்கும் அந்த வகைதான் என்று தெரியவந்தது. மார்டினி அமைப்பு, அதாவது கீழே உள்ள நெம்புகோலை இறக்கித் தோட்டா போடுவது; 12 போர், அது குழலின் உள் விட்ட அளவு.

அதன் கதையைத் தேடத் தொடங்கியபோது, எந்தக் கந்தோரில் எதைக் கேட்பது, துவக்கில் எந்த எழுத்தைப் பார்ப்பது என்று ஒரே இடத்தில் சொல்லித் தர யாரும் இருக்கவில்லை. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லைசன்ஸ், பிறகு துவக்கில் உள்ள முத்திரைகள், பிறகு காகிதங்கள், கடைசியில் விலை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். பெரும்பாலானோர் விலையில் தொடங்குகிறார்கள். இன்னதென்று தெரியாத பொருளுக்கு யாராலும் விலை சொல்ல முடியாது.

1. லைசன்ஸைச் சரிசெய்யுங்கள்

இலங்கையில் துவக்குகள் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. வேட்டைத் துவக்குக்கான அனுமதிப்பத்திரத்தை மாவட்டச் செயலகத்தில், நம் ஆட்கள் சொல்வதுபோல் கச்சேரியில், எடுக்க வேண்டும். அது டிசம்பர் 31ஆம் திகதியோடு முடியும். ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். ‘இது நூறு வருடப் பழசு, சுவரில் மாட்டத்தான் வைத்திருக்கிறோம்’ என்ற பேச்சு பொலிஸில் எடுபடாது.

லைசன்ஸ்காரர் இறந்துவிட்டால் துவக்கை வீட்டில் வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்யாதீர்கள். தாமதிக்காமல் பொலிஸுக்கு அறிவித்து, ஒப்படைத்து, ரசீது வாங்குங்கள். அந்த ரசீதில் துவக்கின் வகை, போர், இலக்கம் மூன்றும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று வாசித்துப் பாருங்கள். ஒப்படைக்கும் முன் படம் எடுத்துக்கொண்டால் பின்னால் பெரிய உதவி. எடுக்கவில்லை என்றாலும் பரவாயில்லை. பொறுப்பதிகாரியிடம் எழுத்தில் கேட்டு, அவர் அனுமதித்தால் நிலையத்திலேயே எடுக்கலாம்.

வாரிசு பெயருக்கு மாற்ற இவற்றைத் தயாராக வைத்திருங்கள்: மரணச் சான்றிதழ், உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், பழைய லைசன்ஸ் புத்தகம், கிராம உத்தியோகத்தரின் சான்று, உங்கள் அடையாள அட்டை. எல்லாவற்றுக்கும் இரண்டு போட்டோக் கொப்பி.

நம் பகுதியில் இரண்டு இடங்களில் இடறும். ஒன்று பெயர். செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டில், ஒரு எழுத்து, பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று, அடையாள அட்டையில் மூன்றாவது. எல்லாம் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டு போங்கள். இரண்டாவது காணி. பயிரைக் காக்கத் துவக்கு வேண்டும் என்றால் காணிப் பத்திரம் கேட்பார்கள். லயத்தில் பிறந்து வளர்ந்தவனிடம் காணிப் பத்திரத்துக்கு எங்கே போவது? பரம்பரை பரம்பரையாக மண்ணைக் கொத்தியவர்களிடம் அந்தக் காகிதத்தைக் கேட்பது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனாலும் வெறுங்கையோடு போகாதீர்கள். மரக்கறி போடும் நிலத்தைப் பற்றித் தோட்ட நிர்வாகத்திடம் கடிதம் வாங்கி, கிராம உத்தியோகத்தரிடம் உறுதிப்படுத்திக்கொண்டு போனால் பேசுவதற்கு ஏதாவது கையில் இருக்கும்.

இனி இலக்கம். எங்கள் பெரியப்பாவின் லைசன்ஸ் புத்தகத்தில் துவக்கின் இலக்கம் 1887 என்று இருந்தது. பல வருடங்களாக அதையே பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். உண்மையில் அது துவக்கு செய்த வருடம். உண்மையான இலக்கம் குழலின் அடியில் இருந்தது. ஒரு கந்தோரில், ‘இரண்டும் ஒத்துப்போகவில்லை, இது வேறு துவக்கு’ என்று கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெரிதாக அச்சிட்ட படங்கள், ஒரு சத்தியக்கடதாசி, துவக்கைப் பார்த்து பொலிஸ் எழுதிக் கொடுத்த குறிப்பு, இந்த மூன்றும் சேர்ந்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது. ஆகவே உங்கள் புத்தகத்தில் 18 இல் தொடங்கும் நான்கு இலக்க எண் இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

பழைய லைசன்ஸ் புத்தகத்தைத் தூக்கி எறியாதீர்கள். வரலாறு தேடுபவருக்கு முதல் ஆவணமே அதுதான். 1971 அல்லது 1987 முதல் 1989 வரை அதில் இடைவெளி இருந்தால், அந்தக் குழப்ப காலங்களில் பொலிஸில் ஒப்படைத்த ரசீது பழைய காகிதக் கட்டுக்குள் கிடக்கிறதா என்று தேடுங்கள்.

2. துடைக்காதீர்கள், மினுக்காதீர்கள்

வீட்டுக்கு ஒருவர் இருப்பார், பழைய இரும்பைக் கண்டதும் உப்புக் கடதாசியை எடுப்பவர். அவரைக் கிட்ட விடாதீர்கள். பிராசோ வேண்டாம், கம்பித் தூரிகை வேண்டாம், பிடங்குக்கு, அதாவது தோளில் வைக்கும் மரப் பகுதிக்கு, வார்னிஷ் வேண்டாம். கறுத்துப்போன பழைய மேற்பரப்பு போனால் முத்திரைகளின் விளிம்பு மழுங்கும். சேகரிப்பாளர் முதலில் பார்ப்பதும் அந்த மேற்பரப்பைத்தான்.

குளிர்ப் பகுதிகளில் இன்னொரு பிரச்சினை உண்டு. நுவரெலியா, தலவாக்கலை பக்கம் துவக்குக்குத் தேங்காயெண்ணெய் பூசி வைப்பார்கள். அது குளிரில் உறைந்து, தூசியோடு சேர்ந்து எழுத்துகளின் பள்ளத்தில் இறுகிவிடும். எழுத்தே இல்லை என்று நினைக்கும் இடத்தில், மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பருத்தித் துணியை வைத்து ஊறவிட்டு மெதுவாக ஒற்றினால் முத்திரை வெளிவரும். அதற்குப் பிறகு கொஞ்சம் பவுடரைத் தடவி விரலால் வழித்துவிட்டால் எழுத்து வெள்ளையாகத் தெரியும்.

இதையெல்லாம் செய்வதற்கு முன் தோட்டா உள்ளே இல்லை என்று பழக்கமுள்ளவரை வைத்து உறுதிசெய்யுங்கள். மார்டினியின் உள் விசைகளைக் கழற்றப் போகாதீர்கள்.

3. துவக்கை நகர்த்தாதீர்கள், படத்தை அனுப்புங்கள்

‘கண்டியில் ஒருவர் பார்த்துச் சொல்வார், கொண்டு போய்க் காட்டுவோம்’ என்பார்கள். துவக்கை பஸ்ஸில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் காட்டித் திரிந்தால் சட்டச் சிக்கலில் போய் முடியும். நல்ல படமும் சரியான அளவும் இருந்தால் போதும், அவை எந்த நாட்டுக்கும் போகும்.

காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் எடுங்கள். ஃபிளாஷ் போட்டால் எழுத்து தெரியாது. முழு நீளம் இரண்டு பக்கமும், உடலின் (குழலுக்குப் பின்னால் விசைகள் இருக்கும் இரும்புப் பகுதி) வலப்பக்கம், இடப்பக்கம், குழலும் உடலும் சேரும் இடம், குழலின் மேலும் கீழும், பிடங்கின் இரு பக்கமும், அதன் அடித்தகடு. ஒவ்வொரு முத்திரையையும் தனியாக, பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்து எடுங்கள்.

குழலின் உள் விட்டத்தை வேர்னியர் அளவுகோலால் அளந்து பாருங்கள். ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர் என்றால் 12 போர், 16.8 என்றால் 16 போர், 15.6 என்றால் 20 போர், 14.7 என்றால் 24 போர், 14 என்றால் 28 போர், 10.4 என்றால் .410. குழலின் வாய்ப்பகுதி ஒடுக்கப்பட்டிருந்தால் அளவு சற்றுக் குறைவாக வரும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

4. இரண்டு வருடங்களைக் கண்டுபிடியுங்கள்

மாற்றப்பட்ட துவக்குக்கு, இராணுவத்துக்காகச் செய்த வருடம் ஒன்று, மாற்றிய காலம் ஒன்று என்று இரண்டு இருக்கும். முதலாவது உடலில் இருக்கும், இரண்டாவது பெரும்பாலும் குழலில் இருக்கும்.

மார்டினி-ஹென்றியை பிரித்தானிய இராணுவம் 1871இல் ஏற்றுக்கொண்டது. அதன் உடலின் வலப்பக்கத்தில் கிரீடம், வி.ஆர். என்ற எழுத்துகள் (விக்டோரியா அரசியைக் குறிப்பது), செய்த இடம், வருடம், மாதிரி எண் ஆகியவை ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். செய்த இடமாக என்ஃபீல்ட், பி.எஸ்.ஏ. (பர்மிங்ஹாம் ஸ்மோல் ஆர்ம்ஸ்), எல்.எஸ்.ஏ. (லண்டன் ஸ்மோல் ஆர்ம்ஸ்) போன்றவை வரும். பக்கத்தில் எங்காவது கோழிக்கால் தடம் போன்ற ஒரு அம்பு இருக்கும். அது அரச சொத்து என்பதற்கான அடையாளம். இரண்டு அம்புகள் நுனியோடு நுனி முட்டி நின்றால், இராணுவம் அதை முறைப்படி விற்றுவிட்டது என்று பொருள். அந்த முட்டிய அம்புகளைத் தேடிக் கண்டுபிடியுங்கள்; அது இருந்தால் ‘இராணுவத்திலிருந்து திருடியதோ’ என்ற சந்தேகத்துக்குப் பதில் கையில் இருக்கும்.

குழலுக்கு வருவோம். மார்டினி-ஹென்றியின் மூலக் குழல் .450 அங்குலம், அதாவது 11.4 மில்லிமீற்றர். அதைக் குடைந்து 18.5 ஆக்க அந்தக் குழலில் இரும்பு போதாது. ஆகவே உங்களுடையது 12 போர் மார்டினி என்றால் குழல் புதிதாகப் போட்டது. அந்தக் குழலை இங்கிலாந்தில் போட்டிருந்தால், விற்பதற்கு முன் லண்டன் அல்லது பர்மிங்ஹாம் பரிசோதனைச் சாலையில் சோதித்து முத்திரை குத்தியிருப்பார்கள். மாற்றிய காலத்தைச் சொல்வது அந்த முத்திரைதான்.

பர்மிங்ஹாம் முத்திரையில் குறுக்காக வைத்த இரண்டு செங்கோல்களும் மேலே கிரீடமும் இருந்தால் 1904க்கு முந்தியது. கிரீடத்தின் கீழ் பி.வி., பி.பி., என்.பி. என்ற எழுத்துகள் இருந்தால் 1904க்குப் பிந்தியது. என்.பி. என்பது புகையற்ற வெடிமருந்துக்குச் சோதித்ததற்கான அடையாளம். ‘நொட் ஃபோர் பால்’ (குண்டு சுடுவதற்கு அல்ல) என்ற வாசகம் 1875 முதல் 1887 வரை குத்தியது. சாய்சதுரத்துக்குள் 12 என்ற எண்ணும் சி என்ற எழுத்தும் இருந்தால் 1887க்குப் பிறகு. தோட்டா அறையின் நீளம் அங்குலத்தில் இருந்தால் 1925க்குப் பிறகு. அழுத்தம் டன் கணக்கில் இருந்தால் 1954க்குப் பிறகு. பர்மிங்ஹாமில் 1921இலிருந்து வருடத்துக்கு ஒரு எழுத்தாகச் சிறிய இரகசியக் குறியும் சேர்த்தார்கள். அது தெளிவாக இருந்தால் சரியான வருடமே கிடைக்கும்.

எங்கள் துவக்கின் உடலில் 1887. குழலில் கிரீடமும் என்.பி.யும், சாய்சதுரத்தில் 12. தோட்டா அறையின் நீளம் குறிக்கப்படவில்லை. ஆக, 1904க்கும் 1925க்கும் இடையில் இங்கிலாந்தில் குழல் மாற்றியது. ‘துரை யுத்தத்தில் சுட்ட துவக்கு’ என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வந்தோம். அந்தக் குழலோடு அது எந்த யுத்தத்துக்கும் போயிருக்காது.

ஸ்னைடர் வேறு கதை. 1866இல் வந்தது, .577 அங்குலம், அதாவது ஏறத்தாழ 24 போர். உள்ளே இருக்கும் சுருள் பள்ளத்தை வழித்துவிட்டாலே சன்னத் துவக்கு ஆகிவிடும். குழலை மாற்றவே தேவையில்லை. அதனால் அதில் இரண்டாவது முத்திரை இல்லாமலும் போகலாம்.

கிரீனர் செய்த ஜி.பி. என்ற துவக்கும் மார்டினி போலவே கீழே நெம்புகோலோடு இருக்கும். 1920களிலிருந்து வேட்டைக்கென்றே செய்தது. இராணுவ அம்பு அதில் இருக்காது. அதை மாற்றிய இராணுவத் துவக்கு என்று சொல்லி ஏமாறுபவர்கள் நிறைய.

5. மாற்றியது யார்?

விலை இங்கேதான் தீர்மானமாகிறது.

அரசே மாற்றியவை உண்டு. இந்தியாவின் இஷாப்பூர் தொழிற்சாலையில் லீ-என்ஃபீல்ட் துவக்குகளைத் தனித்தோட்டா .410 ஆக மாற்றிக் காவலர்களுக்குக் கொடுத்தார்கள். தோட்டாக் கூட்டின் இடத்தை மரக்கட்டையால் அடைத்திருப்பார்கள். இதைக் கெடுத்த துவக்கு என்று சொல்லக் கூடாது. இது தனி இராணுவ மாதிரி. அதை மேலும் மாற்றாமல் வைத்திருந்தால் சேகரிப்பாளர் மதிப்பார்.

அடுத்தது இங்கிலாந்தின் துவக்குக் கம்பனிகள் மாற்றியவை. குழலில் கடையின் பெயர் இருக்கும், வேலை சுத்தமாக இருக்கும், பரிசோதனை முத்திரை இருக்கும். விலை நடுத்தரம், ஆனால் கதை நன்றாகக் கிடைக்கும்.

கடைசி, ஊர்ப் பட்டறை வேலை. குழலை அறுத்திருப்பார்கள், குறிபார்க்கும் முனையை வெண்கலப் பற்று வைத்து ஒட்டியிருப்பார்கள், பிடங்கு பலா மரத்தில் இருக்கும். முத்திரையே இருக்காது. சந்தையில் இதற்கு விலை குறைவு. ஆனால் இந்த மலையில், நம் ஆட்களின் கையால் நடந்த மாற்றம் இதுதான். விற்கும் எண்ணமில்லாத குடும்பம் இதைப் பதிவு செய்து வைப்பது முக்கியம் என்பது என் எண்ணம். எந்தப் பட்டறை, யார் ஆசாரி என்று பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

6. துரையைத் தேடுங்கள்

‘துரை கொடுத்தது’ என்பது மட்டும் ஆதாரம் ஆகாது. எந்தத் துரை, எந்தத் தோட்டம், எந்த வருடம் என்று தெரிய வேண்டும். பெர்குசன் டிரெக்டரி என்ற பழைய ஆண்டு நூல்களில் தோட்டங்களும் அவற்றின் துரைமார் பெயர்களும் இருக்கின்றன. கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் கேளுங்கள். போகும் முன், நாம் தமிழில் சொல்லும் தோட்டப் பெயருக்கு ஆங்கிலப் பதிவுப் பெயர் என்ன என்று தோட்டக் கந்தோரில் தெரிந்துகொள்ளுங்கள். அது இல்லாமல் போனால் ஒரு நாள் வீண். மலையகத்திலிருந்து ஒரு நாள் கொழும்புப் பயணம், கொப்பிக் கட்டணம், சாப்பாடு, இவைதான் செலவு.

தோட்டங்களை 1972இலும் 1975இலும் அரசு எடுத்தது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. ஒவ்வொரு கை மாறும்போதும் பழைய காகிதங்கள் சிதறின. தோட்டக் கந்தோரில் ஒன்றும் இல்லை என்று சொன்னால் பெரும்பாலும் அது உண்மை. ஓய்வுபெற்ற கிளாக்கர்மார், டீமேக்கர்மார் வீடுகளில் விசாரிப்பது அதிகம் பயன்படும்.

துரை 1900இல் தொடங்கி 1949இல் கலைக்கப்பட்ட சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர் என்ற தோட்டத் துரைமாரின் தொண்டர் படையில் இருந்தார் என்று ஒரு கதை கட்டாயம் வரும். அவர் இருந்திருக்கலாம். ஆனால் படையில் கொடுத்த துவக்கு அரச சொத்து, அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிடங்கிலோ அடித்தகட்டிலோ படைப்பிரிவின் எழுத்து இல்லாமல் அந்தக் கதையை விலையோடு சேர்க்காதீர்கள்.

குழலில் ஆர்மி அண்ட் நேவி கூட்டுறவுச் சங்கத்தின் பெயர் இருந்தால் அதிர்ஷ்டம். அதன் துவக்குப் பதிவேடுகள் கிளாஸ்கோ பல்கலைக்கழகச் சுவடிக்கூடத்தில் இருக்கின்றன. இராணுவ மாதிரிகள் பற்றிக் கேட்க இங்கிலாந்தின் லீட்ஸில் உள்ள ரோயல் ஆர்மரீஸ் என்ற ஆயுத அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரே மின்னஞ்சலில் இலக்கம், அளவு, எட்டுப் பத்துத் தெளிவான படம், உங்கள் கேள்வி இரண்டே வரி, அவ்வளவு போதும். பதிவேட்டுத் தேடலுக்குக் கட்டணம் கேட்டால் எவ்வளவு என்று முதலில் கேட்டுவிட்டுப் பணம் அனுப்புங்கள். பதில் வரச் சில வாரங்கள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

7. விலை

இணையத்தில் மார்டினி-ஹென்றிக்குப் போடும் விலையைப் பார்த்துத் தலை சுற்ற வேண்டாம். அது மாற்றப்படாத துவக்கின் விலை. பிரித்தானியாவில் .577/450 தோட்டா வழக்கொழிந்த அளவுப் பட்டியலில் இருப்பதால், மாற்றப்படாத மார்டினியைப் பழம்பொருளாக லைசன்ஸ் இல்லாமலே வைத்திருக்க முடிகிறது, வாங்குபவர் அதிகம். 12 போர் ஆக்கிய உடனே அந்தச் சலுகை போய்விடும், லைசன்ஸ் வேண்டும், விலையும் விழும். அமெரிக்காவின் வின்செஸ்டர் 1897 இராணுவ மாதிரியிலும் இதே நிலைதான். குழலைச் சுற்றிய துளைத் தகடும் துவக்குக்கத்தி மாட்டும் பகுதியும் இருந்தால் பெரிய விலை; கழற்றி வேட்டைக்கு ஆக்கியதென்றால் அது சாதாரணத் துவக்கு. பின்னாளில் தகட்டை மாட்டி விற்கும் மோசடியும் உண்டு.

கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். ஏல நிறுவனங்களின் பழைய முடிவுகளில் ‘12 போருக்கு மாற்றப்பட்ட மார்டினி’ என்றே தேடுங்கள்.

அதற்கும் மேல், அந்த விலை இங்கே செல்லாது. இலங்கையில் அனுமதி பெற்றவருக்கு, அதிகாரிகளின் அனுமதியோடுதான் கைமாற்ற முடியும். வாங்குபவர் மிகச் சிலர். அவர்கள் பார்ப்பது காட்டுப்பன்றி விரட்ட உதவுமா என்பதை. ‘வெளிநாட்டில் விற்றுத் தருகிறேன்’ என்று தரகர் யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். பாதுகாப்பு அமைச்சு, சுங்கம் என்று அனுமதிகள் இல்லாமல் அது ஆயுதக் கடத்தல். மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

8. சுடலாமா?

பழைய குழலின் தோட்டா அறை பெரும்பாலும் 65 மில்லிமீற்றர். இப்போது கிடைக்கும் தோட்டாக்கள் பல 70. உள்ளே போகும், மூடவும் முடியும். வெடித்து விரியும்போது இடம் போதாமல் அழுத்தம் ஏறும். குழலில் சுருள் சுருளான கோலம் தெரிந்தால் அது முறுக்கிரும்பு, என்.பி. முத்திரை இல்லாமல் அதில் இன்றைய வெடிமருந்துத் தோட்டாவைச் சுடவே கூடாது. முத்திரை இருந்தாலும் நூறு வருடத் துருவுக்கு யார் பொறுப்பு? நாங்கள் சுடுவதில்லை.

9. எப்போது தொடங்குவது

ஓகஸ்ட், செப்டம்பரில் தொடங்குங்கள். சத்தியக்கடதாசி, கிராம உத்தியோகத்தர் சான்று, பொலிஸ் குறிப்பு எல்லாம் கைக்கு வர அந்தக் காலம் வேண்டும். டிசம்பரில் கச்சேரியில் புதுப்பிக்க வருபவர்களின் நெரிசல். இலக்கத் திருத்தம் போன்ற சிக்கலான கோப்பை அப்போது யாரும் நிதானமாகப் பார்க்க மாட்டார்கள். வெளிநாட்டுக் கடிதங்களை லைசன்ஸ் வேலை நடக்கும்போதே அனுப்பிவிடலாம். அதற்குப் படங்கள் மட்டும் போதும். படங்கள், பழைய லைசன்ஸ் புத்தகம், ரசீதுகள், வந்த பதில்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, துவக்கு இருக்கும் அலமாரியில் வைக்காமல் வேறு இடத்தில் வையுங்கள்.